சுத்தக்காரர்கள் தெரு

தியாகராய நகரிலிருந்து நந்தனம் போகிற வழியில் பிரியும் குறுக்குத் தெரு அது. பெயர் வேண்டாம். சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். ஜெராக்ஸ் கடைக்கும் டூவீலர் மெக்கானிக் கடைக்கும் நடுவே, நடைபாதை விளிம்பில் மழைநீர் வடிகாலின் வாய் இருக்கிறது. ஒரு முழ அகலம், ஒரு சாண் உயரம். முன்னால் இரும்புக் கம்பிச் சல்லடை. கம்பிகளில் ஒன்று வளைந்துபோய், டீ கப் தாராளமாக நுழையும் அளவுக்கு வழி விட்டிருக்கிறது. நடைபாதைக்கு அடியில் ஓடுவது கான்கிரீட் பெட்டி. மேலே சிமென்ட் பலகை போட்டு மூடியிருப்பதால், அப்படி ஒன்று அங்கே இருப்பது அடுத்த மழை வரைக்கும் யார் நினைவிலும் இருப்பதில்லை.

எதிர்வரிசை முதல் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்த வாய் நேராகத் தெரியும். அந்த ஜன்னலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததுதான் இவ்வளவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தத் தெருவில் அழுக்கான ஆள் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் சுத்தக்காரர்கள்.

காலை ஐந்தரைக்கு அபார்ட்மென்ட் வாட்ச்மேன் ஹோஸ் பைப்பை அவிழ்க்கிறார். கார் நிறுத்துமிடம் பூராவும் பினாயில் தெளித்து, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார். பினாயில் கலந்த தண்ணீர் வெளுப்பாகக் கேட்டைத் தாண்டி, சரிவில் இறங்கி, வடிகால் வாய்க்குள் போகிறது. கூடவே கார் கழுவின ஷாம்பூ நுரை, இன்ஜினிலிருந்து சொட்டிய ஆயில், பிஸ்கட் கவர், மூன்றாம் மாடி நாய் ராத்திரி விட்டுப்போனது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வாக்கிங் கிளம்புமுன் தரையை ஒரு பார்வை பார்ப்பார். பளிச்சென்றிருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

பக்கத்து ஓட்டு வீட்டுப் பாட்டி வாசல் தெளித்து அரிசி மாவில் கோலம் போடுகிறார். அந்தச் செம்புத் தண்ணீரும் வழிந்து அதே வாய்க்குத்தான் வருகிறது. நாள் முழுவதும் அந்த வாய்க்குள் போவதில் யாருக்கும் கெடுதல் இல்லாதது அது ஒன்றுதான்.

ஆறரை மணிக்குத் தூய்மைப் பணியாளர் அம்மா வருகிறார். பச்சைக் கோட்டு, நீளக் கைப்பிடி துடைப்பம். பேட்டரி வண்டி தெருமுனையில் நிற்கும். மண்ணையும் இலையையும் அங்கங்கே குவித்துக்கொண்டே வந்து, வடிகால் வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் துடைப்பத்தைத் திருப்பிக் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். தெருவில் குப்பையை அந்த வாயிலிருந்து விலக்கிக் கூட்டுகிற ஒரே ஆள் அவர். ஜெராக்ஸ் கடைக்காரர் ஷட்டரைத் தூக்கியதும் கடையைப் பெருக்கி, காகிதச் சுருளையும் டீ கப்பையும் படியிலிருந்து ஒரே தள்ளாக வாய்க்குத் தள்ளுவார்.

"அண்ணே, அதுக்குள்ள தள்ளாதீங்கண்ணே. நாளைக்கு நான்தான் குனியணும்."

"காத்துல போயிடுச்சும்மா."

காற்று தினம் காலை எட்டே முக்காலுக்கு அந்தப் பக்கம்தான் அடிக்கிறது.

இட்லி வண்டி அக்கா ஏழு மணிக்குக் கடை போடுவார். பத்தரைக்குள் முடிந்துவிடும். ஆட்டோக்காரர்கள், கூரியர் பையன்கள், துணிக்கடையில் வேலைக்குப் போகும் பெண்கள். தட்டு கழுவ இரண்டு வாளி. ஒன்றில் எச்சில் போக அலசி, இன்னொன்றில் முக்கி எடுத்துத் துடைப்பார். கடையை மூடும்போது இரண்டு வாளியும் வடிகாலுக்கு. மிச்ச சாம்பார், சட்னி வழித்த தண்ணீர், அரிசி ஊற வைத்த கழுநீர். மூன்றாம் நாள் கறுத்துப்போன வடை எண்ணெயின் கசடும் அதோடு சேரும். பிறகு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, கடை இருந்த சுவடு தெரியாமல் இடத்தைக் கழுவிவிட்டுத்தான் வண்டியைத் தள்ளுவார். நேற்று இங்கே சட்டி கொதித்தது என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது.

கீழே நடப்பது வேறு. எண்ணெய் ஆறியதும் வடிகாலின் சிமென்ட் சுவரில் பிடிக்கும். அதில் கஞ்சி ஒட்டும். கஞ்சியில் மண்ணும் தலைமுடியும் பிளாஸ்டிக் தாளும் ஒட்டும். அந்தத் தாள் தட்டின் மேல் விரிக்கிற மெல்லிய ரகம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தெருமுனைக் கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது.

பெரிய ஓட்டல்களில் இந்த எண்ணெய் வடிகாலுக்குப் போவதில்லை. 2018இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த திட்டப்படி, பயன்படுத்திய சமையல் எண்ணெயை விலை கொடுத்து வாங்கி பயோடீசல் தயாரிக்க அனுப்புகிறார்கள். டின் கணக்கில் இருந்தால் வண்டி வரும். அக்காவிடம் மிஞ்சுவது அரை லிட்டர். அரை லிட்டருக்கு யார் வருவார்கள்?

மெக்கானிக் கடையிலும் இதே கணக்குத்தான். இன்ஜினிலிருந்து வடிகிற பழைய ஆயிலை அண்ணன் ஒரு சொட்டு வீணாக்க மாட்டார். கறுப்புக் கேனில் சேர்த்து வைப்பார். கேன் நிறைந்ததும் ஒருவர் மொபெட்டில் வந்து லிட்டர் கணக்கில் காசு கொடுத்து எடுத்துப்போவார். விலை உள்ள அழுக்கு வடிகால் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வருவதெல்லாம் விலை இல்லாதது. செயினைப் பெட்ரோலில் முக்கி பிரஷ் போட்ட கறுப்புத் தண்ணீர், கார்புரேட்டர் கழுவியது, பைக்குக்கு வாட்டர் வாஷ் அடித்த நுரை. பையன் டப்பாவை அப்படியே சல்லடை மேல் கவிழ்ப்பான். வெயில் படும்போது அந்த இடத்தில் ஊதாவும் பச்சையுமாக ஒரு படலம் பளபளக்கும். பள்ளிக்கூடம் போகிற சின்னப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். அழகாகத்தான் இருக்கும்.

நாலு வீடு தள்ளி ஒரு பழைய வீட்டை இடித்து ஐந்து மாடி எழுப்புகிறார்கள். எம்-சாண்ட் பாதி ரோட்டில். கான்கிரீட் போடுகிற அன்று ரெடிமிக்ஸ் லாரி வந்து, வேலை முடிந்ததும் பின்பக்கத் தகரச் சரிவைக் கழுவும். ஜல்லியும் சிமென்ட் பாலும் கலந்த சாம்பல் தண்ணீர் ஓரமாக ஊர்ந்து வாய்க்குப் போகும். டைல்ஸ் அறுக்கிற நாட்களில் அது வெள்ளையாக இருக்கும். பெயின்ட் அடிக்கிறவர்கள் பிரஷ்ஷைத் தின்னரில் அலசிய டப்பாவை அங்கேதான் கொட்டுவார்கள். ஓட்டு வீட்டுப் பாட்டி ஒருநாள் மேஸ்திரியிடம் கேட்டார்.

"ஏம்ப்பா, அது உள்ள போனா அடைக்காதா?"

"தண்ணிதானம்மா. ஓடிரும்."

சிமென்ட் தண்ணீர் ஓடாது. ஓடுகிற மாதிரி போய், தரை சமமான இடத்தில் நின்று, அடிப்பிடித்த பாலைப் போல வடிகாலின் தரையோடு ஒன்றாகிவிடும். மண் என்றால் மண்வெட்டியால் வாரலாம். இதை உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். சென்னை கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே கிடக்கிற தட்டையான ஊர். வடிகாலுக்குக் கிடைக்கிற சரிவே விரற்கடை அளவு. அதில் நாலு விரல் உயரத்துக்கு எது படிந்தாலும் பின்னால் இருக்கிற தண்ணீர் நின்றுவிடும். நின்ற அழுக்குத் தண்ணீரில்தான் யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு முட்டையிடும். மாலை ஆறு மணிக்குச் செயலாளர் வீட்டு ஜன்னல்கள் வரிசையாகச் சாத்திக்கொள்வது அதனால்தான்.

தெருவுக்கு அடியில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று கழிவுநீர்க் குழாய். சமையலறை, குளியலறை, கழிப்பறைத் தண்ணீர் அதில் போக வேண்டும். அது மெட்ரோ வாட்டர் வாரியத்தின் பொறுப்பு. அதில் போகிற தண்ணீர் கோயம்பேடு, நெசப்பாக்கம், கொடுங்கையூர், பெருங்குடி போன்ற இடங்களில் இருக்கிற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகும். இன்னொன்று மழைநீர் வடிகால். அது மாநகராட்சியின் பொறுப்பு. மாநகரம் முழுவதும் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் இந்த வடிகால்களின் முடிவில் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் கிடையாது. புதிதாகக் கட்டிய வடிகால்களில் மண்ணைப் பிடிக்க வண்டல் தொட்டி வைத்திருக்கிறார்கள். அது மண்ணைப் பிடிக்கும். எண்ணெயையும் பினாயிலையும் தின்னரையும் பிடிக்காது. இந்தத் தெருவின் வாய்க்குள் போவது மாம்பலம் கால்வாய்க்குப் போகும். மாம்பலம் கால்வாய் சி.ஐ.டி. நகர், நந்தனம் வழியாக அடையாற்றில் சேரும். ஆறு பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கும் நடுவே கடலில் கலக்கும். வழியில் எண்ணெயைப் பிடிக்க ஒரு வடிகட்டிகூட இல்லை.

தெருக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பூமிக்குள் போனால் சரி.

ஒரு மழைக்காலம் முடிந்த கையோடு அபார்ட்மென்ட்டின் கழிவுநீர்க் குழாயில் அடைப்பு. கீழ்த்தளத்துக் குளியலறையில் தண்ணீர் எதிர்த்து வந்தது. புகார் கொடுத்தார்கள், வண்டி வரத் தாமதமானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிளம்பர் ஒருவர் வந்தார். நடைபாதைப் பலகை ஒன்றை நெம்பி, நாலு அங்குல பிவிசி பைப் ஒன்றை மழைநீர் வடிகாலுக்குள் விட்டு, மண்ணைத் தள்ளி மூடி, பலகையைத் திரும்ப வைத்தார். செயலாளர் டார்ச் அடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையிலிருந்து குளியலறை சுத்தமாகிவிட்டது.

செப்டம்பரில் தூர் வாருகிறவர்கள் வந்தார்கள். பருவமழைக்கு முன்னால் வருஷாவருஷம் வருவது. பலகைகளைக் கடப்பாரையால் புரட்டி, உள்ளேயிருந்து வாரி வாரி நடைபாதையில் போட்டார்கள். வெளியே வந்ததைப் பட்டியலே போடலாம். இளநீர் மட்டை, பால் பாக்கெட், குட்கா உறை, அரை மூட்டை சிமென்ட் இறுகிய உருண்டை, ஒற்றைச் செருப்பு, சாமிக்குப் போட்டுக் கழற்றிய மாலை, கிரிக்கெட் பந்து, குழந்தை டயபர், வெள்ளையாகக் கட்டி தட்டிய எண்ணெய்க் கசடு. எதையும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

அபார்ட்மென்ட் எதிரே வந்ததும் குனிந்திருந்த ஆள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையுறை போட்டிருந்தார், முகத்தில் ஒரு துண்டு கட்டியிருந்தார். அவரை மண் வாரத்தான் அனுப்பியிருந்தார்கள். கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் சாக்கடைக் குழிக்குள்ளும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அப்படி இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மழைநீர் வடிகாலில் வேலை செய்கிறவரை அந்தக் கணக்கில் யாரும் நினைப்பதில்லை. பெயர்தான் மழைநீர் ஆயிற்றே. டார்ச் வெளிச்சத்தில் சொருகிய ஒரு பைப், மண் வாருகிறவரை அவருக்கே தெரியாமல் மலம் அள்ளுகிறவராக மாற்றிவிட்டது. மூடிய பெட்டிக்குள் தேங்கிய கழிவிலிருந்து வருகிற விஷவாயு, அது எந்த இலாகாவின் வடிகால் என்று பார்க்காது.

வாரிப் போட்டது ஈரம் வடியட்டும் என்று இரண்டு நாள் ஓரத்திலேயே கிடந்தது. லாரி வருவதற்குள் ஒரு தூறல் வந்து, குவியலில் ஒரு பங்கு வந்த வழியே உள்ளே போயிற்று.

அக்டோபரில் முதல் பெருமழை. சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் வந்துவிடும். மாதக்கணக்காக அழுக்குச் சேர்ந்து கிடந்த ரோட்டில் முதல் அரை மணி நேரம் ஓடுகிற தண்ணீர்தான் எல்லாவற்றிலும் மோசமானது. டயர் தேய்ந்த தூள், பிரேக் தூள், சொட்டிய டீசல், காய்ந்த எச்சில், வடிகாலுக்குள் ஊறியது எல்லாவற்றையும் அந்த அரை மணி நேரம் ஒன்றாகத் திரட்டிக்கொண்டு போகும். அழுகுகிற பொருள் ஆற்றில் கலந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கிற பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். மழை தொடங்கியதும் அடையாற்றின் முகத்துவாரத்தில் மடவை மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்ததைக் குப்பத்துக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கே மீன் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு இந்தத் தெரு எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெருவுக்கும் அவர்களைத் தெரியாது.

இதே காரியம் பெரிய அளவில் நடந்தால் எப்படி இருக்கும் என்பதை எண்ணூர் பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலி பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன, கூழைக்கடாவின் இறகில் தார் அப்பியது. அன்று தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டு, "என்ன அக்கிரமம்" என்று செயலாளர் சொன்னது ஜன்னல் வரை கேட்டது. அக்கிரமம்தான். மெக்கானிக் கடை டப்பா அளவில் சின்னது, போகிற வழி ஒன்றுதான்.

அந்த அக்டோபர் மழையில் தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டு, முழங்காலுக்கு ஏறியது. தியாகராய நகரே ஏரி இருந்த இடம். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த மாம்பலம் ஏரியை 1920களில் வற்ற வைத்து எழுப்பிய குடியிருப்பு. தண்ணீர் நிற்பதற்காகத் தாழ்ந்த நிலம், அதை வெளியேற்ற வடிகாலை விட்டால் வேறு வழி கிடையாது. 2021 நவம்பரில் இந்தப் பக்கத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள், புது வடிகால்கள் கட்டினார்கள். புது வடிகாலின் வாயில் பழைய டீ கப் சிக்கினால் பழைய வெள்ளம்தான். தூய்மைப் பணியாளர் அம்மா முழங்கால் தண்ணீரில் நின்று, கையை விட்டுத் துழாவி, சல்லடையில் ஒட்டியிருந்த காகிதச் சுருளைப் பிடுங்கினார். ஒரு சுழல் விழுந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் படியில் நின்று, "கார்ப்பரேஷன் என்னதான் பண்றாங்களோ" என்றார்.

விழிப்புணர்வு இந்தத் தெருவுக்கு வராமல் இல்லை. மைக் கட்டிய ஆட்டோ மாதம் ஒருமுறை குப்பையைத் தரம் பிரிக்கச் சொல்லிவிட்டுப் போகிறது. "இங்கு குப்பை கொட்டாதீர்" பலகைக்குக் கீழே குப்பை ஒழுங்காகக் கொட்டப்படுகிறது. மதில் ஓரம் யாரும் ஒன்றுக்குப் போகக் கூடாதென்று செயலாளர் பிள்ளையார், இயேசு, மெக்கா படம் போட்ட ஓடுகளை வரிசையாகப் பதித்தார். அது பலித்தது. வடிகால் வாயில் எந்தச் சாமியைப் பதிக்க முடியும்?

பிரான்ஸ் நாட்டு ஊர்களில் வடிகால் வாய்ப் பக்கத்தில் 'கடல் இங்கேதான் தொடங்குகிறது' என்று எழுதி வைக்கிறார்கள். அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில் மீன் படம் வரைகிறார்கள். பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் அதை எங்கோ பார்த்திருக்க வேண்டும். தீபாவளி முடிந்து மழை சற்று விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, ஏழெட்டுப் பிள்ளைகளோடு நீலப் பெயின்ட்டை எடுத்துக்கொண்டு வந்தார். சல்லடைக்கு மேலே நடைபாதை விளிம்பில் ஒரு மீன் வரைந்தார்கள். வால் பக்கம் இடம் போதாமல் மீன் குட்டையாகிவிட்டது. கீழே, 'இது அடையாற்றுக்குப் போகிறது'.

அப்போதுதான் இட்லி அக்கா வாளியோடு வந்தார்.

"அக்கா, இங்க ஊத்தாதீங்கக்கா. இது ஆத்துக்குப் போவுதாம்."

"போட்டும்டா கண்ணு. எல்லாம் எங்கியாச்சும் போய்த்தான ஆவணும்?"

"மீனு செத்துடுமாம்."

"கஞ்சித்தண்ணியக் குடிச்சு எந்த மீனுடா சாவும்?"

டீச்சர் விளக்கினார். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, "சரிங்க டீச்சர். தப்புதான். இங்க ஊத்தலன்னா எங்க ஊத்தட்டும்? அத்தச் சொல்லுங்க" என்றார்.

டீச்சரிடம் பதில் இல்லை. மைக் ஆட்டோவிடமும் இல்லை, பலகையிலும் இல்லை. இங்கே செய்யாதே என்று சொல்வதோடு நமது விழிப்புணர்வு முடிந்துவிடுகிறது. வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவருக்கு வேண்டியது இன்னொரு இடம்.

அந்த இடத்தைக் காட்டியவர் வாட்ச்மேன். அபார்ட்மென்ட் பின்பக்கம் வேலைக்காரர்களுக்கான கழிப்பறை இருக்கிறது, அதன் தண்ணீர் ஒழுங்காகக் கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது. "துணி போட்டு வடிகட்டி எடுத்தாங்க. சோறு, கறிவேப்பிலை எல்லாம் உள்ள போவக் கூடாது. காலையில எனக்கு ரெண்டு இட்லி." பேரம் முடிந்தது. கறுத்த எண்ணெயை அக்கா பழைய டின்னில் சேர்க்கத் தொடங்கினார். நிறைந்ததும் முனை ஓட்டல்காரர் தன் எண்ணெயோடு சேர்த்து அனுப்பிவிடுகிறார். ஒரு கூட்டமும் ஒரு சுவரொட்டியும் இல்லாமல், இரண்டு இட்லி விலையில், தினம் இரண்டு வாளி அடையாற்றுக்குப் போவது நின்றது.

செயலாளருக்குத் தெரிந்தபோது கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம் கூடியது. வெளியாள் அழுக்கை நம் குழாயில் ஊற்றுவதா என்று விவாதம். நடுவில் மாநகராட்சி ஜீப் வந்து நின்றது. வடிகாலில் கழிவுநீர் வாடை என்று யாரோ 1913 எண்ணுக்குப் புகார் சொல்லியிருக்கிறார்கள். உதவிப் பொறியாளர் இறங்கி, பலகையைப் புரட்டச் சொன்னார். நாலு அங்குல பைப்பிலிருந்து அந்த நிமிஷம் யாரோ குளித்த சோப்பு நுரை வந்துகொண்டிருந்தது.

"இது யார் பைப்?"

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள்.

"முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் செயலாளர், பொதுவாக.

குவியலை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அம்மா நிமிர்ந்தார். "நாத்தம் சொல்லலையா சார்?"

பைப்பைப் பிடுங்கி ஓட்டையைச் சிமென்ட்டால் அடைத்தார்கள். அபராத நோட்டீஸ் வந்தது. வாரியத்தின் வண்டி வந்து பழைய அடைப்பைப் பீய்ச்சி எடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஒரு மணி நேர வேலைக்காகத்தான் அத்தனை மாதம் ஆறு மாடிக் குளியல் மொத்தமும் ஆற்றுக்குப் போயிற்று. இப்போது வாட்ச்மேன் தரையைப் பெருக்கிய பிறகுதான் தண்ணீர் விடுகிறார், அதுவும் ஒரு வாளிதான். மெக்கானிக் பையன் செயின் கழுவிய பெட்ரோலைத் தெளிய வைத்து மறுபடி உபயோகிக்கிறான். பெட்ரோல் விற்கிற விலையில் அண்ணன் போட்ட உத்தரவு அது, மீனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஐந்து மாடிக் கட்டடத்துச் சிமென்ட் பால் இன்னும் வருகிறது. ஜெராக்ஸ் கடைப் பக்கம் காற்று இன்னும் அடிக்கிறது.

உங்கள் தெரு எப்படி என்று தெரிந்துகொள்ள அதிகாரி யாரும் வர வேண்டியதில்லை. மழை பெய்து ஒரு மாதம் ஆன பிறகு, மார்ச்சிலோ ஏப்ரலிலோ, நடைபாதை ஓரம் இருக்கிற அந்த வாய்க்குள் டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். மழைநீர் வடிகால் என்றால் மழை இல்லாத நாளில் அது காய்ந்து கிடக்க வேண்டும். உள்ளே தண்ணீர் ஓடினால் அது மழை அல்ல, யாருடைய வீட்டுச் சுத்தமோ ஒன்று ஆற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. யாருடையது என்று விசாரியுங்கள். விசாரணையை உங்கள் வீட்டுப் பைப்பிலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சமாகும்.